மாலை ஆறரை முதல் இரவு பத்தரை வரை: வளரும் நகரங்களின் மின்தேவையை யார், எப்படி முகாமை செய்வது?

2022 மார்ச் 31ஆம் திகதி இலங்கையில் 13 மணிநேர மின்வெட்டு நடைமுறையில் இருந்தது. அனல் மின்நிலையங்களுக்கு எண்ணெய் வாங்க டொலர் இருக்கவில்லை. நீர்த்தேக்கங்களிலும் போதிய நீர் இருக்கவில்லை. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கழித்து, 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், நாடு முழுவதும் மறுபடியும் மின்சாரம் தடைப்பட்டது. அன்று எண்ணெய்க்கோ நிலக்கரிக்கோ தட்டுப்பாடு இல்லை. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கினால் ஏற்பட்ட கோளாறே காரணம் என்று மின்சக்தி அமைச்சர் கூறினார். நாடே சிரித்தது. ஆனால் மின்சார சபை பின்னர் தந்த விளக்கம் சிரிப்புக்குரியதாக இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் மின்தேவை குறைவாக இருந்தது. வெயில் நன்றாக எறித்ததால் சூரிய மின்சாரம் அதிகமாக வந்துகொண்டிருந்தது. ஒரு சிறிய தளம்பலைக்கூடத் தாங்க முடியாத நிலையில் மின்தொகுதி இருந்தது.

இரண்டு மாதங்களின் பின் சித்திரைப் புத்தாண்டு வந்தது. ஏப்ரல் 13 முதல் 21 வரை பிற்பகல் 3 மணிவரை கூரைச் சூரிய மின்தொகுதிகளை நிறுத்தி வைக்குமாறு உரிமையாளர்களிடம் மின்சார சபை கேட்டுக்கொண்டது. தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் மூடப்பட்டிருந்தன. வந்த மின்சாரத்தை வாங்க ஆள் இல்லை.

ஒரு காலத்தில் மின்சாரம் போதாமல் இருண்டோம். இன்னொரு காலத்தில் மின்சாரம் கூடியதால் இருண்டோம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விடயம் தெளிவாகிறது. ஒரு நாட்டுக்கு எவ்வளவு மின்சாரம் தேவை என்ற கேள்வியைப் போலவே, அது எந்த மணிக்குத் தேவை என்ற கேள்வியும் முக்கியமானது. வளரும் நகரங்களில் இந்த இரண்டாவது கேள்விக்கு விடை தேடும் வேலைக்குத்தான் மின்தேவை முகாமைத்துவம் என்று பெயர்.

தேவையை முகாமை செய்வது என்றால் என்ன?

வழமையாக ஒரு நகரம் வளரும்போது அரசாங்கங்கள் செய்வது ஒன்றுதான்: இன்னொரு மின்நிலையம் கட்டுவது. மக்கள் எவ்வளவு கேட்கிறார்களோ அவ்வளவையும் கொடுக்கப் பார்ப்பது. இது வழங்கல் பக்கத்துத் தீர்வு. கேட்கும் பக்கத்தையும் திருத்தலாம் என்பது மற்ற வழி. அதில் மூன்று வகை உண்டு.

முதலாவது வினைத்திறன். அதே வெளிச்சத்தை, அதே காற்றைக் குறைந்த மின்சாரத்தில் பெறுவது. 60 வாட் குண்டு மின்குமிழ் தந்த வெளிச்சத்தை 9 வாட் எல்ஈடி குமிழ் தருகிறது. பழைய கூரை மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் எடுக்கும். பிரஷ் இல்லாத மோட்டார் பொருத்திய புதிய வகை மின்விசிறி 30 வாட் அளவில் அதே வேலையைச் செய்யும்.

இரண்டாவது நேரமாற்றம். மொத்தப் பாவனை குறையாவிட்டாலும், எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்பதைத் தவிர்ப்பது. தண்ணீர்த் தாங்கியை இரவு எட்டு மணிக்கு நிரப்பாமல் நண்பகலில் நிரப்புவது இதற்கு எளிய உதாரணம்.

மூன்றாவது நெருக்கடிக்காலக் கட்டுப்பாடு. தொகுதி ஆபத்தில் இருக்கும்போது, முன்கூட்டியே உடன்பட்ட பெரிய பாவனையாளர்கள் சிறிது நேரம் தங்கள் பாவனையைக் குறைப்பது. அதற்கு அவர்களுக்குக் கொடுப்பனவு வழங்குவது.

மின்வெட்டு இந்த மூன்றிலும் சேராது. இந்த மூன்றையும் முன்னரே செய்யாமல் விட்டவர்கள் கடைசியில் வந்து சேரும் இடம் அது.

ஒரு நாளின் வடிவம்

இலங்கையின் நாளாந்த மின்தேவையை வரைபடமாகக் கீறினால், அதிகாலையில் சமையலும் நீர்ப்பம்பியும் சேர்ந்து ஒரு சிறிய மேடு எழும். பகலில் அலுவலகங்களும் தொழிற்சாலைகளும் ஒரு சமவெளி. மாலை ஆறரைக்குப் பிறகு ஒரு செங்குத்தான ஏற்றம். வேலையால் வந்தவர்கள் விளக்கு, மின்விசிறி, தொலைக்காட்சி, சோற்றுக்குக்கர், கேத்தல், மின்னழுத்தி எல்லாவற்றையும் ஒன்றாகப் போடும் நேரம் அது. நேரத்துக்கேற்ற கட்டண முறையில் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்ச நேரம் எனப்படுகிறது. இரவு 10.30 முதல் அதிகாலை 5.30 வரை உச்சமற்ற நேரம். மிகுதி பகல் நேரம்.

அண்மைய ஆண்டுகளில் நாட்டின் உச்சத் தேவை சுமார் 2,700 முதல் 2,800 மெகாவாட். அந்த உச்சம் சில மணிநேரம் மட்டுமே நிற்கும். ஆனால் அந்தச் சில மணிநேரத்துக்காக மின்நிலையங்கள், மின்மாற்றிகள், கம்பிகள் எல்லாம் அந்த அளவில் இருக்கவேண்டும். நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தின் 900 மெகாவாட் திடீரென்று ஏறி இறங்கக்கூடியது அல்ல. அது இரவுபகலாக ஒரே சீராக ஓடும். மாலை ஏற்றத்தைச் சமாளிப்பவை நீர்மின் நிலையங்களும் எண்ணெயில் ஓடும் நிலையங்களும். மழை பொய்த்தால் எண்ணெய்தான். ஆகவே மாலை ஏழரை மணிக்குப் பாவிக்கும் ஓர் அலகு, நண்பகலில் பாவிக்கும் ஓர் அலகைவிட நாட்டுக்கு மிகவும் விலை கூடியது. சாதாரண வீட்டு மின்பட்டியலில் இந்த வித்தியாசம் தெரிவதே இல்லை.

இதற்கு எதிர்ப்பக்கம் நண்பகல். 2016இல் தொடங்கிய ‘சூரிய பல சங்கிராமய’ திட்டத்துக்குப் பிறகு கூரைச் சூரிய மின்சாரம் 1,000 மெகாவாட்டைத் தாண்டி வளர்ந்துவிட்டது. வெயில் நேரத்தில் அது தேவையின் பெரும்பங்கைப் பிடித்துக்கொள்கிறது. பெரிய நிலையங்களில் சுழலும் கனமான இயந்திரங்கள், ஒரு கோளாறு வந்தாலும் சில விநாடிகள் தங்கள் சுழற்சி வேகத்தால் தொகுதியைத் தாங்கிப் பிடிக்கும். சூரியப் படலங்களில் அப்படிச் சுழல எதுவும் இல்லை. பெப்ரவரி 9இல் நடந்தது இதுதான். கோளாறு சிறிது, தாங்கிப் பிடிக்கும் பாரம் அதைவிடச் சிறிது.

மின்கலங்களில் சேமித்து மாலையில் கொடுப்பது ஒரு வழி. மாலையில் கேட்பதை நண்பகலுக்கு நகர்த்துவது அதைவிட மலிவான வழி.

இரண்டு நேரங்கள் இருந்த நாடு

தேவையை நகர்த்தும் முயற்சி இலங்கைக்குப் புதிதல்ல. 1996இல் கடும் வரட்சி. அப்போது மின்சாரத்தின் பெரும்பகுதி நீர்மின் நிலையங்களில் இருந்தே வந்தது. மே மாதத்தில் அரசாங்கம் நாட்டின் கடிகாரத்தை ஒரு மணிநேரம் முன்நகர்த்தியது. மாலைச் சூரிய ஒளி கூடுதலாகக் கிடைத்தால் விளக்குப் போடும் நேரம் தள்ளிப்போகும், உச்சத் தேவை குறையும் என்பது கணக்கு. ஒக்ரோபரில் அதில் அரை மணிநேரம் திரும்பப் பெறப்பட்டது. மிகுதி அரை மணிநேரம் பத்து ஆண்டுகள் நீடித்து, 2006 ஏப்ரலில்தான் பழைய நேரம் மீண்டது.

வடக்கில் அந்தப் பத்து ஆண்டுகளைக் கடந்தவர்களுக்கு இதன் மறுபாதியும் நினைவிருக்கும். விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் இந்த மாற்றம் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. ஆகவே ஒரே நாட்டில் இரண்டு நேரங்கள் இருந்தன. போர்நிறுத்த காலத்தில் ஓமந்தையையோ முகமாலையையோ கடந்தவர்கள் கைக்கடிகாரத்தை அரை மணிநேரம் திருப்பினார்கள். ‘பழைய நேரமா, புதிய நேரமா?’ என்று கேட்காமல் ஒரு சந்திப்பை ஒழுங்குசெய்ய முடியாது. கொழும்பில் மின்சாரம் சேமிக்கச் செய்த ஒரு மாற்றம், மின்சாரமே எட்டாத வன்னியில் ஓர் அரசியல் எல்லைக்கோடாக மாறியது.

கடிகாரத்தை நகர்த்தினாலும் மக்களின் பழக்கம் அவ்வளவு இலகுவாக நகராது என்பதை அந்த முயற்சி காட்டியது. பிள்ளைகள் இருட்டோடு எழும்பிப் பாடசாலைக்குப் போகவேண்டியிருந்தது. மாலையில் போடாத விளக்கைக் காலையில் போட்டார்கள். மேலிருந்து வரும் ஒரு கட்டளை எல்லோருக்கும் ஒன்றுபோலப் பொருந்தும் என்று நினைத்ததும் ஒரு பிழை.

எங்களுக்குத் தெரிந்த சிக்கனம்

1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு தேசிய மின்தொகுதியின் இணைப்பு இருக்கவில்லை. மண்ணெண்ணெய் மட்டுப்படுத்தப்பட்டது, மின்கலங்கள் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்தன. ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச எண்ணெயும் பஞ்சும் வைத்து எரித்த விளக்கில் ஒரு தலைமுறை பரீட்சைக்குப் படித்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதித்து, டைனமோவில் வானொலி கேட்டது. போர் முடிந்து சில ஆண்டுகளின் பின்னரே கிளிநொச்சி வழியாக சுன்னாகம் வரை 132 கிலோவோல்ட் மின்கம்பி மீண்டும் இழுக்கப்பட்டு, குடாநாடு தேசிய தொகுதியுடன் இணைந்தது. அதுவரை சுன்னாகத்தின் எண்ணெய் மின்பிறப்பாக்கிகளே அதைத் தாங்கின.

இந்த வரலாற்றை நினைவுபடுத்துவதற்குக் காரணம் உண்டு. சிக்கனம் பற்றி அறிவுரை சொல்லப்படும்போது அது பெரும்பாலும் மிகக் குறைவாகப் பாவிப்பவர்களின் காதிலேயே விழுகிறது. ஒரு மின்குமிழும் ஒரு மின்விசிறியும் உள்ள மீள்குடியேற்ற வீட்டில் நிறுத்துவதற்கு என்ன இருக்கிறது? இருட்டைத் திணிப்பதும் தேவையை முகாமை செய்வதும் ஒன்றல்ல என்பதை வடக்குக் கிழக்கு மக்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 2023 ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருந்தபோது மின்வெட்டை நிறுத்துமாறு மனித உரிமைகள் ஆணைக்குழு கோரியது. வெட்டு தொடர்ந்தது. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. வீட்டில் மின்பிறப்பாக்கி வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளைக்கு அந்த வழக்கு தேவைப்படவில்லை.

விலை என்ற கருவி, அது யாரைக் குத்துகிறது?

தேவையைக் குறைக்க உலகெங்கும் முதலில் எடுக்கப்படும் ஆயுதம் கட்டணம். இலங்கையில் 2022 ஓகஸ்ட்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் உயர்ந்தது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம். பின்னர் 2024இல் இரு தடவையும் 2025 ஜனவரியில் ஒரு தடவையும் பெரிய குறைப்புகள். 2025 ஜூனில் மீண்டும் 15 வீத உயர்வு.

பாவனை குறைந்தது உண்மை. எப்படிக் குறைந்தது என்பதுதான் கேள்வி. 2023இல் மட்டும் கட்டணம் செலுத்தாததால் நிகழ்ந்த மின்துண்டிப்புகள் 10 இலட்சத்தைத் தாண்டியதாகப் பாராளுமன்ற மேற்பார்வைக் குழு மட்டத்தில் தெரிவிக்கப்பட்டது. மீள இணைக்கப்பட்டவர்களும் அதற்குள் இருப்பார்கள். ஆனாலும் கம்பியைக் கழற்றிப் பெற்ற குறைப்பை வினைத்திறன் என்று எவரும் சொல்லமாட்டார்கள்.

எங்கள் வீட்டுக் கட்டணம் படிமுறைக் கட்டணம். மாதம் 30 அலகு, 60 அலகு, 90 அலகு என்று ஏற ஏற அலகின் விலை கூடும். 60ஐத் தாண்டியதும் கணக்கிடும் முறையே மாறிவிடும். குறைவாகப் பாவிப்பவருக்குக் காப்பு, கூடப் பாவிப்பவருக்குச் சுமை என்ற அளவில் இது நியாயமானது. ஆனால் இரண்டு குறைகள் உண்டு. ஒரே மீற்றரில் இரண்டு மூன்று குடும்பங்கள் வாழும் வீடு, பணக்கார வீடுபோலக் கணிக்கப்படும். போரில் வீடிழந்து உறவினரோடு ஒண்டியிருப்பவர்களுக்கும் வாடகை அறைகளில் இருப்பவர்களுக்கும் இது தெரிந்த சங்கதி. அடுத்தது, எந்த மணிக்குப் பாவித்தாலும் ஒரே விலை என்பதால், நேரத்தை மாற்ற எந்தத் தூண்டுதலும் இல்லை. நேரத்துக்கேற்ற கட்டணம் வீட்டுப் பாவனையாளருக்கும் ஒரு தெரிவாக இருந்தாலும், அதற்குரிய மீற்றர் வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அது இல்லை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். பழைய மின்விசிறி ஒன்று நாளுக்கு 10 மணிநேரம் சுழன்றால் மாதம் 22.5 அலகு. 30 வாட் மின்விசிறி என்றால் 9 அலகு. மீதி 13.5 அலகு. மாதம் 70 அலகு எரிக்கும் குடும்பம் ஒன்றை இது 60 அலகுக்குக் கீழே இறக்கிவிடும். ஆனால் புதிய வகை மின்விசிறியின் விலை பழையதைவிடக் கணிசமாகக் கூட. அதை ஒரே தடவையில் கொடுக்க முடியாதவர்தான் மாதாமாதம் கூடுதல் கட்டணம் கட்டுகிறார். வறுமைக்கு எப்போதும் வட்டி கூட.

இதே கணக்கை நாடளவில் போடலாம். 10 இலட்சம் வீடுகளில் ஒவ்வொரு மின்விசிறி மாற்றப்பட்டு, அவை எல்லாம் உச்ச நேரத்தில் சுழன்றுகொண்டிருந்தால் மிச்சம் 45 மெகாவாட். சுன்னாகத்தில் மின்சார சபையின் ‘உத்துரு ஜனனி’ எண்ணெய் மின்நிலையத்தின் கொள்ளளவு 24 மெகாவாட்.

வெளியூர்ப் பாடங்கள்

பிரேசிலில் 2001இல் எங்களுக்கு 1996இல் வந்தது போன்ற வரட்சி வந்தது. அங்கும் நீர்மின்தான் முதுகெலும்பு. அரசாங்கம் சுழற்சி முறை மின்வெட்டுக்குப் போகாமல், ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் ஒதுக்கீடு கொடுத்தது: முந்தைய ஆண்டுப் பாவனையில் 20 வீதத்தைக் குறைக்கவேண்டும். மாதம் 100 அலகுக்குக் கீழே பாவிப்பவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கூடச் சேமித்தவர்களுக்கு ஊக்கத்தொகை. மீறிய பெரிய பாவனையாளருக்கு மேலதிகக் கட்டணம். 2001 ஜூன் முதல் 2002 பெப்ரவரி வரை அது நீடித்தது. பெரும் மின்வெட்டு இல்லாமலேயே நாடு அந்த வரட்சியைக் கடந்தது. எந்த மணிக்கு எதை நிறுத்துவது என்று தீர்மானிக்கும் உரிமை வீட்டாரின் கையில் இருந்தது.

ஜப்பானில் 2011 மார்ச் 11 நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் அணுமின் நிலையங்களை நிறுத்தின. அந்தக் கோடையில் ரோக்கியோவிலும் வடகிழக்குப் பகுதியிலும் 500 கிலோவாட்டுக்கு மேல் எடுக்கும் பெரிய பாவனையாளர்கள் உச்சத் தேவையை 15 வீதம் குறைக்கவேண்டும் என்று சட்டப்படி பணிக்கப்பட்டது. தொழிற்சாலைகள் வேலைநாட்களை வார இறுதிக்கு மாற்றின. அலுவலகங்களில் 28 பாகை, கழுத்துப்பட்டி இல்லாத உடை. வீடுகளுக்கு வேண்டுகோள் மட்டுமே விடுக்கப்பட்டது.

இந்தியா 2015 ஜனவரியில் தொடங்கிய ‘உஜாலா’ திட்டத்தின் கீழ் 36 கோடிக்கும் அதிகமான எல்ஈடி குமிழ்களை மக்களிடம் சேர்த்தது. அரசு நிறுவனம் ஒன்று மொத்தமாக வாங்கியதால் விலை பல மடங்கு இறங்கியது. மின்பட்டியலோடு சேர்த்துத் தவணையாகக் கட்டும் வசதியும் பல இடங்களில் இருந்தது. 2020 ஜனவரி முதல் அங்கு விற்கப்படும் அறைக் குளிரூட்டிகள் போட்டவுடன் 24 பாகையில் தொடங்கவேண்டும் என்ற விதியும் வந்தது. சிறிய விதிதான். ஆனால் 2024 கோடையில் தமிழ்நாட்டின் உச்சத் தேவை மட்டுமே 20,000 மெகாவாட்டைத் தாண்டியது என்பதை நினைத்தால், ஒவ்வொரு பாகையும் எவ்வளவு பெறுமதி என்று விளங்கும்.

அகமதாபாத்தில் 2010 மே மாத வெப்ப அலையில் 1,300க்கும் மேற்பட்ட மேலதிக மரணங்கள் கணிக்கப்பட்டன. 2013இல் அந்த நகரம் வெப்பச் செயற்திட்டம் ஒன்றை உருவாக்கியது. பின்னர் வறிய குடியிருப்புகளின் கூரைகளுக்கு வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு பூசும் வேலையையும் அதில் சேர்த்தது. குளிரூட்டி வாங்க முடியாதவரின் வீட்டைக் குளிர்விக்கும் மிக மலிவான வழி அது.

இவை எல்லாவற்றிலும் ஒரு பொது அம்சம் உண்டு. பெரிதாகப் பாவிப்பவரிடம் கட்டாயம், சிறிதாகப் பாவிப்பவரிடம் உதவி.

எங்கள் பட்டினங்களில் எங்கே தேவை வளர்கிறது?

யாழ்ப்பாணமும் வவுனியாவும் கிளிநொச்சியும் கொழும்பல்ல. நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கை எடுப்பது மேல் மாகாணமே. ஆனால் எங்கள் பட்டினங்களில் இப்போது கட்டப்படுபவை அடுத்த ஐம்பது ஆண்டுகள் நிற்கப்போகின்றன. இன்று எடுக்கும் முடிவுகளின் கட்டணத்தைப் பிள்ளைகள் கட்டுவார்கள்.

முதலில் கூரை. நாற்சார் வீடும் விறாந்தையும் ஓடும் பனையோலையும் வெப்பத்தை அறிந்தவர்களின் கட்டடக்கலை. போரில் இடிந்தவற்றின் இடத்தில் எழுந்தவை பெரும்பாலும் சிறிய, தாழ்ந்த கூரையுள்ள வீடுகள். பட்டினங்களில் கொங்கிறீட் தட்டுகளும் கண்ணாடி முகப்புள்ள கடைகளும் வருகின்றன. இவை பகல் முழுவதும் வெப்பத்தை வாங்கி இரவில் உள்ளே விடுகின்றன. 2016 அளவில் வடக்குக் கிழக்கில் 65,000 உருக்கு வீடுகள் கட்டும் திட்டம் முன்வைக்கப்பட்டபோது, எங்கள் காலநிலைக்கு அவை பொருந்தாது என்ற வாதமும் எதிர்ப்பின் ஒரு பகுதியாக இருந்தது. அன்று அதை விலையும் ஊழலும் பற்றிய சர்ச்சையாக மட்டும் பலர் பார்த்தார்கள். சூடான வீடு என்பது ஆயுட்காலக் கடன் என்பதும் அதற்குள் இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் ஓர் அறைக் குளிரூட்டி ஏறத்தாழ 1 கிலோவாட் எடுக்கும். அது பதின்மூன்று பழைய மின்விசிறிகளுக்குச் சமம். நிழல் தரும் மரம், காற்றுப்போகும் ஜன்னல், வெள்ளை பூசிய தட்டு ஆகியவை அந்தக் கிலோவாட்டைத் தேவையற்றதாக்கும்.

அடுத்தது தண்ணீர். குடாநாட்டில் வற்றாத ஆறில்லை, எல்லாம் கிணறும் பம்பியும்தான். வீட்டுப் பம்பியும் தோட்டப் பம்பியும் எந்த மணிக்கும் ஓடக்கூடியவை. ஆகவே நேரமாற்றத்துக்கு இவற்றைவிடச் சிறந்த சாதனம் இல்லை. சூரிய மின்சாரம் கூடிய நண்பகலில் தாங்கியை நிரப்பினால், தாங்கியே ஒரு மின்கலம் ஆகிவிடும். 2024 ஓகஸ்ட்டில் தாளையடியில் திறக்கப்பட்ட கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கொள்ளளவு நாளுக்கு 24,000 கன மீற்றர். கடல்நீரை நன்னீராக்கப் பொதுவாக ஒரு கன மீற்றருக்கு 3 முதல் 4 அலகு தேவை. முழுக் கொள்ளளவில் ஓடினால் நாளுக்கு 72,000 முதல் 96,000 அலகு. ஒழுகும் குழாயில் வீணாகும் ஒவ்வொரு வாளி நீரும் இனி மின்சாரமும்தான். விநியோகத் தாங்கிகள் போதிய அளவில் இருந்தால் நீரேற்றும் வேலையை உச்ச நேரத்திலிருந்து விலக்கிவைக்கலாம்.

கடற்கரைப் பட்டினங்களில் ஐஸ் தொழிற்சாலைகள். உறைந்த ஐஸ் பல மணிநேரம் தாங்கும். ஆகவே மாலை நான்கு மணிநேரம் இயந்திரத்தை ஓய்வில் வைக்க இவற்றால் முடியும். அதற்குக் கட்டணத்தில் பலன் இருக்கவேண்டும். அரிசி ஆலைகளுக்கும் இது பொருந்தும். கடைசியாக, 2025இல் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்ட பின் வந்திறங்கும் மின்சார வாகனங்கள். வீட்டுக்கு வந்தவுடன் ஏழு மணிக்குச் சொருகினால் உச்சத்தின் மேல் இன்னொரு உச்சம். இரவு பத்தரைக்குப் பிறகு, அல்லது பகலில் வேலைத்தலத்தில் சொருகினால் சிக்கல் இல்லை.

சேமிக்காத மெகாவாட் யாருடைய முற்றத்தில் எழுகிறது?

தேவை முகாமைத்துவத்தை வெறும் சிக்கனக் கதையாகப் பார்க்க முடியாததற்குக் காரணம் இதுதான். நகரம் குறைக்காத ஒவ்வொரு மெகாவாட்டும் எங்கோ ஒரு கிராமத்தின் நிலத்தில், நீரில், கடலில் உற்பத்தியாகவேண்டும்.

சுன்னாகத்தில் இயங்கிய தனியார் அனல் மின்நிலையத்தின் எண்ணெய்க் கழிவு சுற்றுவட்டாரக் கிணறுகளில் கலந்தது தொடர்பான வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீட்டுக்கு உத்தரவிட்டது. சம்பூரில் 2006இல் போரினால் இடம்பெயர்ந்த மக்களின் நிலத்தில் 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் திட்டமிடப்பட்டது. நீண்ட போராட்டத்தின் பின் 2016இல் அது கைவிடப்பட்டது. அதே சம்பூரில் 2025 ஏப்ரலில் 120 மெகாவாட் சூரிய மின்திட்டம் தொடக்கிவைக்கப்பட்டது. மன்னாரில் 103.5 மெகாவாட் ‘தம்பபவனி’ காற்றாலைத் தொகுதி 2020இலிருந்து இயங்குகிறது. மன்னாரிலும் பூநகரியிலும் அதானி நிறுவனம் அமைக்கவிருந்த 484 மெகாவாட் திட்டத்திலிருந்து அந்நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகியது. அதே ஆண்டு ஓகஸ்ட்டில் வேறு காற்றாலைகளுக்கு எதிராக மன்னார் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள்.

காற்றும் சூரியனும் நிலக்கரியைவிட மேலானவை என்பதில் சந்தேகமில்லை. 2030க்குள் மின்சாரத்தில் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க வளங்களிலிருந்து வரவேண்டும் என்ற இலக்கும் தேவையானது. ஆனால் நகரத்தின் கண்ணாடிக் கட்டடங்கள் 20 பாகையில் குளிர்ந்துகொண்டிருக்க, மன்னார்த் தீவின் மீனவரிடமும் விவசாயியிடமும் ‘நாட்டுக்காகக் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்’ என்று கேட்பதில் நியாயம் இல்லை. குறைக்கக்கூடியதைக் குறைத்த பிறகு கேட்பது வேறு. குறைக்காமலே கேட்பது வேறு.

செய்யக்கூடியவை

வீட்டளவில்: நீர்ப்பம்பி, மின்னழுத்தி, சலவை இயந்திரம் மூன்றையும் மாலை 6.30 முதல் 10.30 வரை தவிர்ப்பது. அதிக நேரம் சுழலும் மின்விசிறியை முதலில் மாற்றுவது. புதிய குளிர்சாதனப் பெட்டி வாங்கும்போது விலையோடு, ஆண்டுக்கு எத்தனை அலகு எடுக்கும் என்றும் கேட்பது. தட்டுக்கூரைக்கு வெள்ளைப் பூச்சு. மேற்குச் சுவருக்கு நிழல்.

உள்ளூராட்சி மன்றங்களில்: தெருவிளக்குகளை எல்ஈடிக்கு மாற்றுவதும் பகலில் எரிபவற்றை அணைப்பதும். கட்டட அனுமதி கொடுக்கும்போது காற்றோட்டத்தையும் நிழலையும் பார்ப்பது. சந்தை, நூலகம், பாடசாலைக் கட்டடங்களில் இதைச் செய்துகாட்டுவது. பிரதேச சபை ஒன்றுக்கு மின்நிலையம் கட்டும் அதிகாரம் இல்லை. கூரையின் நிறத்தைத் தீர்மானிக்க உதவும் அதிகாரம் உண்டு.

தேசிய மட்டத்தில்: குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மின்பட்டியலோடு தவணையில் கட்டக்கூடியதாக வினைத்திறன் கூடிய மின்விசிறிகளும் குமிழ்களும். படிப்படியாக எல்லோருக்கும் நேரத்தைப் பதியும் மீற்றர். நண்பகலில் மலிவான கட்டணம். பெரிய பாவனையாளர்களுடன் நெருக்கடிக்கால ஒப்பந்தங்கள். 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டமும் அதன் திருத்தங்களும் மின்சார சபையைப் பல நிறுவனங்களாகப் பிரிக்கும் வழியைத் திறந்திருக்கின்றன. மின்சாரம் விற்று வாழும் நிறுவனத்துக்குக் குறைவாக விற்கும் ஆர்வம் தானாக வராது. அந்தக் கடமையை யார் சுமப்பது, அதற்கான நிதி எங்கிருந்து வருவது என்பதைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் கட்டணத் திருத்த விசாரணைகளில் பொதுமக்கள் கேட்கலாம். எழுத்து மூலமும் வாய்மூலமும் கருத்துச் சொல்ல அங்கே இடமுண்டு. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் தமிழில் எழுதப்படும் கருத்துகள் அங்கே கூடவேண்டும்.

அடுத்த வரட்சி வரும். அடுத்த டொலர் தட்டுப்பாடும் வரலாம். அப்போது மாலை ஆறரைக்குப் பட்டியல் போட்டு வலயம் வலயமாக இருட்டைப் பங்கிடப்போகிறோமா, அல்லது யார் எதைக் குறைப்பது என்று இப்போதே பேசி உடன்படப்போகிறோமா என்பதற்கான விடை, கட்டணத் திருத்த அறிவித்தல் வரும் அடுத்த நாளில் நாங்கள் என்ன கேட்கிறோம் என்பதிலிருந்து தொடங்கும்.